இருளைத் தேடுபவர் எந்த டயாப்லோவை எடுக்க வேண்டும்?

நிலவறைகளில் இறங்கி அரக்கர்களை எதிர்கொள்ளும் டயாப்லோ வரிசைக் கணினி விளையாட்டுகளின் ரசிகர்களிடையே, மூன்றாம் பாகம் அறிவிக்கப்பட்ட 2008 முதல் ஓயாமல் நடந்துவரும் வழக்கு ஒன்று உண்டு. முதல் இரண்டு பாகங்களில் இருந்த இருளும் அச்சமும் பின்வந்த பாகங்களில் தேய்ந்துபோயினவா என்பதே அந்த வழக்கு. அதில் ஏதாவதொரு பக்கம் நின்று வாதாடுவதைவிட, புதிதாக வருபவருக்கு அதிலிருந்து எழும் நடைமுறைக் கேள்விக்கு விடை தேடுவதே பயனுள்ளது என்று கருதுகிறேன். அச்சமூட்டும் சூழலுக்காகவே இந்த வரிசைக்குள் நுழைய விரும்பும் ஒருவர், தம் பணத்தையும் ஓய்வு நேரத்தையும் எந்தப் பாகத்தில் செலவிட வேண்டும்? அரிய ஆயுதங்களைச் சேர்க்கும் ஆசையாலோ, நூற்றுக்கணக்கான அரக்கர்களை ஒரே வீச்சில் சாய்க்கும் வேகத்துக்காகவோ வருபவருக்கு விடை வேறாக இருக்கும். அவர்களை மனத்தில் வைத்து இந்த ஒப்பீட்டை எழுதவில்லை.

தேர்வுக்கு உரியவை நான்கு. 1996-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த முதல் டயாப்லோ. 2000-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தை 2021-இல் புதுப்பித்துத் தந்த ‘ரிசரக்டட்’. 2012-இல் வந்த மூன்றாம் பாகமும் அதன் 2014 விரிவாக்கமான ‘ரீப்பர் ஆஃப் சோல்ஸ்’ என்பதும். 2023-இல் வந்த நான்காம் பாகம். 2022-இல் முதன்மையாகக் கைப்பேசிக்கென வந்த ‘டயாப்லோ இம்மார்ட்டல்’ சின்னத் திரையில், கிடைத்த ஐந்து நிமிடத்தில் ஆடுவதற்கென அமைந்தது. அத்தகைய ஆட்டத்தில் அச்சம் ஊறுவதற்கு நேரமே இல்லை என்பதால் அதை ஒதுக்கிவிடுகிறேன்.

இந்த வழக்கில் பெரும்பாலோர் நிறத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எந்தப் பாகத்தில் பச்சை மிகுதி, எதில் வானவில் தெரிந்தது, எதில் சாம்பல் நிறம் போதவில்லை என்று படத்துக்குப் படம் ஒப்பிடுகிறார்கள். நிறம் முக்கியமே, ஆனால் அது இரண்டாம் காரணம். எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆபத்து வந்தால் எவ்வளவு விரைவாக விலக முடிகிறது, எதிரி தன்னைப் பற்றி எவ்வளவு பேசுகிறான் ஆகிய மூன்றும்தான் ஒரு நிலவறையை அஞ்சத்தக்க இடமாக்குகின்றன என்பது நான்கு பாகங்களையும் ஆடியபின் எனக்கு ஏற்பட்ட முடிவு. இந்த மூன்றிலும் முதல் பாகத்தை நெருங்குவது வேறெதுவும் இல்லை. அதனால் மற்றவற்றைக் காட்டிலும் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

டேவிட் பிரேவிக்கும், எரிக் ஷேஃபர், மேக்ஸ் ஷேஃபர் சகோதரர்களும் கலிஃபோர்னியாவில் தொடங்கிய காண்டோர் என்ற சிறு நிறுவனம், பிளிசார்ட் என்ற விளையாட்டு நிறுவனத்துடன் இணைந்து பிளிசார்ட் நார்த் எனப் பெயர் மாறிய காலத்தில் உருவானது முதல் பாகம். அதன் உலகம் மிகச் சிறியது. டிரிஸ்ட்ராம் என்ற ஒரே ஊர். அங்கே சீரழிந்து நிற்கும் பேராலயத்தின் கீழே 16 தளங்கள். முதல் நான்கு தளங்கள் பேராலயத்தின் அறைகள், அடுத்த நான்கு கல்லறைச் சுரங்கங்கள், அதன்பின் நான்கு குகைகள், கடைசி நான்கும் நரகம். போகும் திசை ஒன்றே: கீழே. மருந்து வாங்கவும் ஆயுதம் செப்பனிடவும் ஊருக்கு ஏறி வரலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் மீண்டும் இறங்கியே ஆக வேண்டும். நம் பாத்திரத்தைச் சுற்றி ஒரு சிறு வட்டத்துக்கே வெளிச்சம் விழுகிறது. அதற்கு அப்பால் திரை கறுத்துக் கிடக்கிறது. அந்த வட்டத்தை அகலப்படுத்தும் கவசங்களும் உண்டு, சுருக்கிவிடும் கவசங்களும் உண்டு. நல்ல பாதுகாப்புத் தரும் ஒரு கவசம் பார்வையைப் பறிக்கும்போது அதை அணிவதா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் நிலை பின்வந்த பாகங்களில் இந்த அளவுக்கு எழுவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் பாகத்தில் ஓட முடியாது. நடக்க மட்டுமே முடியும். இதை அக்காலத் தொழில்நுட்பத்தின் குறையாகச் சிலர் சொல்வதுண்டு. ஆட்டத்தில் அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் குறை என்று சொல்ல மனம் வராது. இரண்டாம் தளத்தில் வரும் கசாப்புக்காரன் என்ற அரக்கனை எடுத்துக்கொள்வோம். பேராலய வாசலில் காயம்பட்டுக் கிடக்கும் ஊர்க்காரர் ஒருவர், பேராயர் லாசரஸை நம்பி உள்ளே சென்றவர்களுக்கு நேர்ந்ததைத் திணறித் திணறிச் சொல்லிவிட்டு இறந்துபோகிறார். அதன்பின் இரண்டாம் தளத்தில் அலையும்போது, நான்கு பக்கமும் அடைத்த சதுர அறை ஒன்று தென்படுகிறது. கதவைத் திறந்தால் தரையெங்கும் இரத்தம், கழுவேற்றப்பட்ட உடல்கள். நடுவில் நிற்கும் பருத்த உருவம், புதிய இறைச்சி வந்துவிட்டது என்ற பொருளில் ஒரே ஒரு வரி உறுமிவிட்டு நேராகப் பாய்கிறது. நாம் நடக்கத்தான் முடியும். அவன் நம் குதிகாலை ஒட்டியே வருகிறான். அந்தக் கட்டத்தில் நம் கையில் இருப்பதோ மிகச் சாதாரணமான ஆயுதம். அறைக்கு வெளியே வந்து, ஒரு கம்பித் தடுப்புக்கு மறுபுறம் நின்று அம்பெய்து கொல்வது போன்ற தந்திரங்களை ஒவ்வொருவரும் தாமாகவே கண்டுபிடித்தார்கள். தனியாக ஆடும்போது எல்லா ஆட்டத்திலும் அவன் வருவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது: தேடல்களை, அதாவது ஆட்டக்காரர் முடிக்க வேண்டிய பணிகளை, தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் முறை இருப்பதால், சில ஆட்டங்களில் அந்த அறையே இராது. ஒருமுறை பட்டவருக்கு, இல்லாத அந்த அறையும் இரண்டாம் தளம் முழுவதையும் கனக்கச் செய்கிறது.

தனி ஆட்டத்தில் கொன்ற அரக்கர்கள் திரும்ப எழுவதில்லை. நாம் கடந்து வந்த தளங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன. மேலே ஊரில் மேட் யூல்மன் பன்னிரு கம்பிக் கித்தாரில் அமைத்த மெல்லிசை ஒலித்துக்கொண்டிருக்கும். மருத்துவர் பெப்பின், கொல்லர் கிரிஸ்வோல்ட், ஒற்றைக் கால் சிறுவன் விர்ட், உள்ளே சென்று தப்பிவந்தபின் குடியில் மூழ்கிவிட்ட ஃபார்ன்ஹாம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே அங்கு மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றப் போகிறோம் என்ற நம்பிக்கையை இந்த விளையாட்டு எங்குமே தருவதில்லை. இறுதியில் டயாப்லோ என்ற பேரரக்கனை வீழ்த்தியபின் அந்த உடல் சுருங்கி, அரசன் லியோரிக்கின் இளைய மகன் ஆல்பிரெக்டின் பிணமாகக் கிடக்கிறது. வென்ற நாயகன் அந்தத் தீமையை அடக்குவதாக எண்ணி, டயாப்லோவின் ஆவி அடைபட்ட ஆன்மக்கல்லைத் தன் நெற்றியிலேயே குத்திக்கொள்கிறான். அத்தனை தளங்கள் இறங்கிக் கிடைத்த பரிசு இவ்வளவுதான் என்று சொல்லத் துணிந்த விளையாட்டை இன்றும் நான் வியந்து மதிக்கிறேன்.

இதன் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. படத்தின் நுணுக்கம் 640-க்கு 480 என்ற பழைய அளவு. ஒவ்வோர் அடிக்கும் சுட்டியை அழுத்த வேண்டும். ஊரில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பதற்குள் பொறுமை போய்விடும். நாம் நெருங்கினால் பின்வாங்கிப் பின்வாங்கி அம்பெய்யும் எதிரிகள் சலிப்பூட்டுவார்கள். 2019 முதல் ஜிஓஜி என்ற இணைய விற்பனைத் தளத்தில் இது விற்பனைக்கு இருக்கிறது. டெவிலியூஷன்எக்ஸ் என்ற ஆர்வலர் திட்டத்தின் துணையுடன் இன்றைய கணினிகளிலும் பல கைக்கருவிகளிலும் சீராக ஓடுகிறது, ஊருக்குள் மட்டும் விரைந்து செல்லும் வசதியையும் அது விருப்பத்தேர்வாகத் தருகிறது. அந்த வசதியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். நிலவறைக்குள் நடையின் மெதுவான வேகம் அப்படியே இருப்பதால் இழப்பு ஏதுமில்லை.

இரண்டாம் பாகத்துக்கு வருவோம். 2008-இல் மூன்றாம் பாகத்தை எதிர்த்தவர்கள் இதைத்தான் இருளின் அளவுகோலாக நிறுத்தினார்கள். நியாயமாகப் பார்த்தால் இருளிலிருந்து விலகும் முதல் அடியை எடுத்துவைத்ததே இந்தப் பாகம்தான். இதில் ஓடலாம், களைப்பு ஏறும்வரை என்ற கட்டுப்பாடு உண்டு, ஆனால் சில மணிநேர ஆட்டத்துக்குப் பின் அந்தக் கட்டுப்பாடு பெரிதாகத் தெரிவதில்லை. முதல் அங்கத்திலேயே பசும்புல் வெளி, இரண்டாம் அங்கத்தில் வெயில் கொளுத்தும் லுட் கோலீன் பாலைவனம், மூன்றாம் அங்கத்தில் காடு என்று பயணம் பகல் வெளிச்சத்திலேயே பெரும்பாலும் நடக்கிறது. கோடரி ஏந்தி இரு கால்களில் நடக்கும் மாடுகள் நிறைந்த இரகசியத் தளமும் இதில்தான் இருக்கிறது. மூன்றாம் பாகத்தின் அறிவிப்புப் படத்தில் வானவில்லைக் கண்டு கொதித்தவர்கள் அந்த மாடுகளை எளிதாக மறந்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகும் இது அஞ்சத்தக்க விளையாட்டாகவே இருப்பதற்குக் காரணம் அதன் சோகம். முதல் பாகத்தின் நாயகனே இங்கே இருண்ட பயணியாக, தான் சென்ற வழியெல்லாம் அழிவை விட்டுச்செல்கிறான். நாம் எப்போதும் ஓர் அடி தாமதமாகவே வருகிறோம். முதல் அங்கத்தில் எரிந்துகொண்டிருக்கும் டிரிஸ்ட்ராமுக்குள் நுழையும் கட்டம் இந்த வரிசையின் மிகச் சிறந்த பத்து நிமிடங்களில் ஒன்று. அறிஞர் டெக்கார்ட் கெய்ன் கூண்டில் தொங்குகிறார். கொல்லர் கிரிஸ்வோல்ட் நடைப்பிணமாக நம்மைத் தாக்க வருகிறார். சிறுவன் விர்ட்டின் உடல் ஒரு மூலையில் கிடக்கிறது. கிரிஸ்வோல்டிடம் வாள் வாங்கியிருந்தவருக்கு இது நெஞ்சில் இறங்கும். முதல் பாகத்தை ஆடாதவருக்கு அது மற்றுமொரு போர்க்களம் மட்டுமே. மடாலயத்தின் அடித்தளங்களும், லுட் கோலீன் அரண்மனைக்குக் கீழுள்ள நிலவறைகளும் முதல் பாகத்தின் நெருக்கத்தைத் திரும்பத் தருகின்றன. ரிசரக்டட் பதிப்பில் ஒற்றை விசையை அழுத்திப் பழைய காட்சிக்கும் புதிய காட்சிக்கும் மாறிக்கொள்ளலாம். மாற்றிப் பார்த்தால் ஒன்று விளங்கும்: புதிய ஒளியமைப்பு சுவரையும் தசையையும் துல்லியமாகக் காட்டுகிறது, பழைய படமோ பாதியைக் கற்பனைக்கு விட்டுவிடுகிறது. நிலவறைகளில் பழையதையும் வெட்டவெளிகளில் புதியதையும் நான் விரும்புகிறேன்.

வழக்கு சூடுபிடித்தது மூன்றாம் பாகத்தில். 2008 ஜூன் 28 அன்று பாரிஸில் அது அறிவிக்கப்பட்டபோது காட்டப்பட்ட காட்சிகளில் நிறங்கள் செழிப்பாக இருந்தன. வெளிவந்த படங்களுள் ஒன்றில் அருவியருகே வானவில்லும் தெரிந்தது. ரசிகர்கள் பல்லாயிரக்கணக்கில் கையொப்பமிட்டு முறையிட்டார்கள்; அதிகாரபூர்வப் படங்களைத் தாமே கறுப்பாக்கி, நிறம் குறைத்து, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முன்வைத்தார்கள். அப்போதைய இயக்குநர் ஜே வில்சன் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு பொறுமையாகவே பதில் சொன்னார். ஓர் அசையாப் படத்தில் அழகாகத் தெரியும் மங்கல், பல மணிநேரம் ஆடும்போது எதிரியைத் தரையிலிருந்து பிரித்தறிய முடியாமல் செய்துவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். தொழில்நுட்பக் கோணத்தில் அது சரியான வாதமே. பின்னர், வானவில்லும் ஒற்றைக்கொம்புக் குதிரைகளும் சிரிக்கும் மேகங்களும் நிறைந்த ‘விம்சிஷயர்’ என்ற இரகசியத் தளத்தை விளையாட்டுக்குள்ளேயே வைத்து அந்த முறையீட்டுக்கு மறைமுகமாகப் பதிலளித்தார்கள். ரசிகர்களின் மனக்குறை நிறத்தைவிட ஆழமானது என்பதை அந்தப் பதில் தொடவே இல்லை. ரசிகர்களும் தம் குறையை நிறமாகவே எழுதிக்கொடுத்திருந்தார்கள்.

2012 மே 15 அன்று விளையாட்டு வெளிவந்து, முதல் 24 மணி நேரத்தில் 35 இலட்சத்துக்கும் மேல் விற்றது. ஆடிப் பார்த்தபோது முதல் அங்கம் போதிய அளவு இருண்டிருந்தது. மீண்டும் அந்தப் பேராலயம், மீண்டும் லியோரிக். குறை வேறிடத்தில் இருந்தது. அரக்கர்கள் சாகும்போது உயிரூட்டும் சிவப்பு உருண்டைகள் சிதறுவதால், எதிரிகள் மிகுந்த இடமே பாதுகாப்பான இடமாகிவிடுகிறது. மூன்றாம் அங்கத்தில் அஸ்மொடான் என்ற பேரரக்கன் ஓயாமல் திரையில் தோன்றித் தன் போர்த் திட்டத்தைத் தானே நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பேசாமல் இருந்திருந்தால் அவனுக்கு அஞ்சியிருப்போம். நம்முடன் பயணிக்கும் லியா என்ற பெண்ணின் முடிவு, கதையாகப் பார்த்தால், இந்த வரிசையின் கொடிய திருப்பங்களில் ஒன்று. அது நம்மைப் பாதிக்கும் முன்பே அடுத்த சண்டை தொடங்கிவிடுகிறது. 2014 மார்ச்சில் வந்த ‘ரீப்பர் ஆஃப் சோல்ஸ்’ விரிவாக்கம் பெரிய முன்னேற்றம். வெஸ்ட்மார்ச் நகரின் இரவுத் தெருக்களும், அங்கே குவிந்து கிடக்கும் பிணங்களும், மால்தேல் என்ற எதிரியின் குறைந்த பேச்சும் பழைய சூழலை ஓரளவு மீட்டன. அந்த அங்கத்தை முடித்தபின் ஆட்டம் மீண்டும் எண்களைப் பெருக்கும் ஓட்டமாக மாறிவிடுகிறது.

நிறம் முதற்காரணம் அன்று என்பதற்கு இந்த மூன்றாம் பாகமே ஒரு சான்றைத் தந்திருக்கிறது. முதல் பாகத்தின் இருபதாம் ஆண்டையொட்டி 2017 ஜனவரி முதல் ஆண்டுதோறும் அம்மாதத்தில் டிரிஸ்ட்ராமின் 16 தளங்களும் மூன்றாம் பாகத்துக்குள் திறக்கப்படுகின்றன. காட்சி பழையபடி புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. பாத்திரம் எட்டுத் திசைகளில் மட்டுமே நடக்கிறது. கசாப்புக்காரனும் தன் அறையில் காத்திருக்கிறான். மங்கிய நிறம், பழைய இசை, குறுகிய அறைகள் என்று முறையிட்டவர்கள் கேட்டவற்றில் ஏறக்குறைய எல்லாமே அங்கே இருக்கின்றன. ஆனால் நம் கையில் இருப்பது மூன்றாம் பாகத்தின் ஆற்றல். அரக்கர் கூட்டம் ஒரு நொடியில் ஆவியாகிறது. கசாப்புக்காரன் கதவைத் தாண்டும் முன்பே விழுந்துவிடுகிறான். நினைவஞ்சலியாக அது மனத்தைத் தொடுகிறது, அச்சம் மட்டும் வருவதில்லை.

நான்காம் பாகத்தை உருவாக்கியவர்கள் இந்த வழக்கைக் கவனமாகக் கேட்டிருந்தார்கள். இருளுக்குத் திரும்புவதைத் தம் கலைக் கொள்கையாகவே அறிவித்தார்கள். ஐரோப்பாவின் பழைய ஓவிய மேதைகளின் ஒளி நிழலை முன்மாதிரியாக வைத்தார்கள். அந்த உழைப்பு கண்கூடாகத் தெரிகிறது. தொடக்கத்தில் பனிப்புயலில் ஒதுங்கி, நெவெஸ்க் என்ற சிற்றூரை அடைந்து, அங்குள்ள மக்கள் உபசரித்துத் தரும் உணவையும் மதுவையும் ஏற்கும் கட்டம் இருக்கிறதே, அதில் பேய் பிசாசு எதுவும் திரையில் இல்லை. சாதாரண மனிதர்களின் முகங்களே வயிற்றைக் கலக்குகின்றன. லிலித் என்ற அரக்கியின் செல்வாக்கில் மனிதர்கள் தம் ஆசைகளுக்கு இரையாகும் இழை முதன்மைக் கதை முழுவதும் ஓடுகிறது. நான்கு பாகங்களில் கதையை நிதானமாகச் சொல்லத் தெரிந்தது இதுதான் என்றே சொல்வேன். நிலவறைகளில் முன்னறிவிப்பின்றித் தோன்றும் கசாப்புக்காரன், தொடக்க நிலைகளில் உண்மையாகவே நடுங்கவைக்கிறான்.

இடர் அந்தத் திறந்த உலகில்தான் இருக்கிறது. இது எப்போதும் இணையத்துடன் இணைந்தே ஓடும் விளையாட்டு. பாழடைந்த மலைக்கணவாயில் தனியாக நிற்பதாக நினைக்கும் வேளையில், கடையில் வாங்கிய ஒளிரும் கவசம் அணிந்த மற்றொரு ஆட்டக்காரர் குதிரையில் நம்மைக் கடந்து போகிறார். நாம் வலுப்பெறும்போது உலகத்தின் எதிரிகளும் சேர்ந்து வலுப்பெறுவதால், ஓர் இடத்தை மற்றோர் இடத்தைவிட அஞ்ச வேண்டிய தேவை குறைகிறது. கதை முடிந்தபின் பருவந்தோறும் வரும் புதிய சுற்றுகளில் வேகம் மூன்றாம் பாகத்தை எட்டிப் பிடிக்கிறது. முன்பு நடுங்கவைத்த கசாப்புக்காரன், பொருள் கொட்டும் வாய்ப்பாக மாறி, வந்தால் மகிழ்ச்சி என்ற நிலைக்கு வந்துவிடுகிறான். பார்வைக்கு இருளை மீட்டவர்கள், ஆட்டத்தின் நடையில் அதை மீட்கவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். ஏனென்றால் நெவெஸ்க் போன்ற ஒரு தொடக்கத்தை உருவாக்கியவர்களுக்கு அந்தத் திறன் நிச்சயமாக இருந்தது.

ஆகவே என் பரிந்துரை இது. சூழல் ஒன்றே வேண்டும், பழைய படத்தையும் மெதுவான நடையையும் பொறுத்துக்கொள்ள முடியும் என்பவர் முதல் பாகத்தையே எடுக்க வேண்டும். இந்த நான்கில் விலை குறைந்ததும் அதுவே; ஓரிரு வாரங்களின் மாலை நேரத்தில் முடித்துவிடலாம் என்பதால் பிடிக்காவிட்டாலும் இழப்பு சிறியது. 640-க்கு 480 படத்தைப் பார்த்தாலே கண் வலிக்கும் என்பவருக்கும், ஒரே ஒரு விளையாட்டை வாங்கி நெடுநாள் வைத்து ஆட விரும்புபவருக்கும் ரிசரக்டட் பொருந்தும். முதல்முறை ஆடும்போது இணையத்தில் கூட்டாகச் சேராமல் தனியாகவும், பொருள் வேட்டைக்காக ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றாமலும் கதையின் போக்கிலேயே சென்றால் அதன் சோகம் முழுமையாகக் கிடைக்கும்.

கதை சொல்லும் முறைக்கும் முகங்களுக்கும் முதலிடம் தருபவர் நான்காம் பாகத்தை வாங்கலாம். அவர் முதன்மைக் கதையை மட்டும் ஆடி, பருவச் சுற்றுகளுக்குள் போகாமல் நிறுத்திக்கொள்வது நல்லது. முழு விலை கொடுக்காமல் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். இணைய இணைப்பு அடிக்கடி அறுபடும் வீட்டில் இதைத் தவிர்ப்பதே சரி. அங்கே முதல் பாகம்தான் கவலையின்றி ஓடும். மூன்றாம் பாகத்தை இந்த ஒரு நோக்கத்துக்காக வாங்கச் சொல்ல மாட்டேன். நண்பர்கள் நால்வர் ஒரே அறையில் அமர்ந்து ஆடும் வாய்ப்புள்ள வீட்டில், கன்சோல் பதிப்பாக, அது வேறு வகையில் மிக நல்ல விளையாட்டு. வெஸ்ட்மார்ச் தெருக்களை அப்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு வாங்கும் வசதி இருந்தால் முதல் பாகத்தையும் ரிசரக்டடையும் இதே வரிசையில் ஆடுங்கள். முதல் பாகத்தில் உள்ள வீரன், வில்லாளி, மந்திரவாதி என்ற மூன்று பாத்திரங்களில் வில்லாளியைத் தேர்ந்தெடுப்பது தொடங்குபவருக்கு எளிது. வீரனைத் தேர்ந்தெடுத்தால் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் எதிர்கொள்ள வேண்டியிருக்கும், இருளுக்காக வருபவர் அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்ளலாம். ஊரில் உள்ள ஒவ்வொருவரிடமும் நின்று பேசி, அவர்கள் சொல்லும் வம்புகளையும் கேட்டுவிட்டு இறங்குங்கள். இரண்டாம் பாகத்தின் டிரிஸ்ட்ராம் உங்களுக்கு என்ன செய்யும் என்பது, முதல் பாகத்தில் அந்தப் பேச்சுகளை எத்தனை பொறுமையாகக் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்தே இருக்கும்.